இயங்க மறுக்கும் எந்திரம்

மழை பெய்து ஓய்ந்த சில நாட்களில் வரப்பிலும் தென்னந்தோப்பிலும் புல் முழங்கால் அளவு வளர்ந்து நிற்கும். முற்காலத்தில் அதனை அரிவாள் கொண்டு அறுத்தனர். இந்நாளிலோ, தோளில் மாட்டிக்கொண்டு புல் வெட்டும் சிறு பெட்ரோல் எந்திரம் ஊர்தோறும் வந்துவிட்டது. 'பிரஷ் கட்டர்' என்று அதனை வழங்குவர். நீண்ட குழல் ஒன்றின் ஒரு முனையில் எஞ்சினும் மறுமுனையில் சுழலும் தலையும் உள்ளன. அத்தலையில் இரும்புத் தகட்டையும் பூட்டலாம்; நைலான் நரம்பையும் பூட்டலாம். நரம்பினால் புல்லை வெட்டலாம் என்று 1971ஆம் ஆண்டில் கண்டவர், அமெரிக்காவில் ஹூஸ்டன் நகரில் வாழ்ந்த ஜார்ஜ் பல்லாஸ் என்பவர். கார் கழுவும் நிலையத்தில் சுழன்ற தூரிகைகளைக் கண்ட அவர், தகர டப்பா ஒன்றில் தூண்டில் நரம்பைக் கோத்துச் சுழற்றிப் பார்த்தார். தொங்கிக் கிடந்த நரம்பு, விரைந்து சுழன்றபோது விறைத்து நின்று புல்லை அறுத்தது.

இவ்வெந்திரத்தைக் கொண்டு கூலிக்குப் புல் வெட்டுவோர் பலர். எந்திரம் கிளம்பாத நாள் அவர்களுக்கு ஊதியம் இல்லாத நாளாகும். ஆதலின் கயிற்றை மேலும் மேலும் இழுக்கின்றனர். கை ஓய்ந்தபின் கையில் அகப்பட்ட திருகுகளை எல்லாம் கழற்றுகின்றனர். சிறிய குறை பெரிய குறையாவது பெரும்பாலும் இவ்வாறே.

எஞ்சின் கிளம்புவதற்கு வேண்டுவன எரிபொருள், காற்று, தீப்பொறி, அழுத்தம் என்னும் நான்கே. இவற்றுள் யாது இல்லை என்று காண்பதே குறை காணும் முறையாகும். எளிதில் பார்க்கத்தக்கதை முதலிலும், கழற்றிப் பார்க்க வேண்டியதைப் பின்னரும் பார்த்தல் வேண்டும்.

முதலில் நிறுத்தும் சுவிட்சைப் பார்க்க வேண்டும். அது நிறுத்திய நிலையிலேயே இருக்கக் கயிற்றை இழுத்துக் களைத்தவர் பலர். அதனை வெளியே சொல்லியவர் சிலரே. அடுத்து, கலத்தில் உள்ள பெட்ரோல் எத்தனை நாள் பழையது என்று கேட்க வேண்டும். பெட்ரோலில் எளிதில் ஆவியாகும் பகுதிதான் முதலில் தீப்பற்றுவது. பல வாரம் கிடந்த பெட்ரோலில் அப்பகுதி குறைந்துவிடுகிறது. மேலும், இந்தியாவில் பெட்ரோலுடன் 20 விழுக்காடு எத்தனால் கலக்கும் இலக்கு 2025ஆம் ஆண்டில் எட்டப்பெற்றது. எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. ஈரம் மிகுந்தால் நீரும் எத்தனாலும் பெட்ரோலினின்று பிரிந்து கலத்தின் அடியில் தங்கும். உறிஞ்சு குழாயின் வாயும் அங்கேதான் உள்ளது! பழைய எரிபொருளை வடித்துவிட்டுப் புதியதை ஊற்றிய அளவில் கிளம்பும் எந்திரங்கள் பல.

பின்னர்ப் பிளக்கைக் கழற்றிப் பார்க்க வேண்டும். சூடான எஞ்சினில் இதனைச் செய்தலாகாது. அருகில் நெருப்பும் பீடியும் இருத்தலாகாது. பிளக்கின் முனை முற்றும் உலர்ந்திருந்தால் எரிபொருள் வந்து சேரவில்லை என்பது பொருள். கலத்தினுள் குழாயின் நுனியில் உள்ள வடிகட்டி அடைபட்டிருக்கலாம், குழாய் வெடித்திருக்கலாம், கார்புரேட்டரில் உள்ள மெல்லிய சவ்வு விறைத்துப் போயிருக்கலாம். எந்திரத்தை எப்பக்கம் சாய்த்தாலும் எஞ்சின் ஓடுவது அச்சவ்வினால்தான்.

முனை நனைந்திருந்தால் குறை வேறு. 'சோக்' என்பது காற்று செல்லும் வழியைக் குறுக்கி, எரிபொருளை மிகுதியாக இழுக்கச் செய்யும் சிறு கதவு. குளிர்ந்த எஞ்சினுக்கு அஃது உதவும். முதல் முறை இருமியது போல் ஒலித்தவுடன் அதனைத் திறந்துவிட வேண்டும். திறவாமல் இழுத்துக்கொண்டே இருந்தால் சிலிண்டர் பெட்ரோலில் மூழ்கிவிடும். அந்நிலையில் பிளக்கைத் துடைத்து அப்பால் வைத்து, சோக்கைத் திறந்து, சுவிட்சை நிறுத்திய நிலையில் வைத்துக் கயிற்றைப் பத்து முறை இழுத்தால் மிகுந்த பெட்ரோல் துளை வழியே வெளியேறும். சிறிது நேரம் காற்றாட விட்டுப் பிளக்கை மீண்டும் பூட்டலாம். முனையில் கரி படிந்திருந்தால் துலக்க வேண்டும். தேய்ந்திருந்தால் புதியது வாங்குவதே நன்று, அதன் விலை சிறிது. புல்தூசி அடைத்த காற்று வடிகட்டியையும், கரி அடைத்த புகைபோக்கி வலையையும் தூய்மை செய்ய வேண்டும்.

எஞ்சியது அழுத்தம். கயிற்றை மெல்ல இழுக்கும்போது கை ஒரு தடையை உணர வேண்டும். தடையின்றிக் கயிறு தளர்ந்து வந்தாலும், சிறிதும் அசையாது நின்றாலும் தானே பழுது பார்த்தல் கூடாது. பணிமனைக்கு எடுத்துச் செல்லுதல் வேண்டும். அங்குச் சிலிண்டரைத் திறந்தால், பளபளப்பாக இருக்க வேண்டிய சுவரில் கீறல்கள் தெரியும். பலமுறை இதற்குக் காரணம் எண்ணெய் இல்லாப் பெட்ரோலே. இத்தகைய எஞ்சின்களுள் பெரும்பாலானவற்றிற்குக் காரில் உள்ளது போல் தனி எண்ணெய்க் கலம் கிடையாது. பெட்ரோலில் கலந்து வரும் எண்ணெயே பிஸ்டனையும் உருளைகளையும் நனைத்துக் காக்கிறது. அவ்வெண்ணெய் இல்லையேல், நிமிடத்திற்கு 7000 சுற்றுக்கு மேல் ஓடும் எஞ்சின் சில நிமிடங்களிலேயே காய்ந்து இறுகிவிடும். பிஸ்டனும் சிலிண்டரும் புதியனவாக வாங்க வேண்டி வரும். அவற்றின் விலை கூலிக்காரரின் பல நாள் ஊதியம். கலக்க வேண்டிய எண்ணெயோ, பல எந்திரங்களுக்கு ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லி; சிலவற்றிற்கு 40 மில்லி. தன் எந்திரத்திற்கு எவ்வளவு என்பதை உடன் வந்த கையேட்டில் காணலாம்.