பதினோரு பீலே இருந்தால் ஜெயிக்க முடியுமா?



எங்கள் வடக்குப்பட்டில் சாயங்காலம் ஆனால் இரண்டு சத்தம் கேட்கும். ஒன்று, ஒரகடம் கம்பெனிகளில் ஷிப்ட் முடிந்து ஆட்களை ஏற்றி வரும் பஸ்களின் சத்தம். இன்னொன்று, பந்து உதைக்கும் பிள்ளைகளின் சத்தம்.

சென்ற வாரம் ஒருநாள் பந்துச் சத்தத்தைக் காணோம். வாய்ச் சத்தம் மட்டும் ஊரைக் கூட்டியது. என்னவென்று எட்டிப் பார்த்தேன். பிள்ளைகள் இரண்டு கோஷ்டியாகப் பிரிந்து, நோட்டுத் தாளில் ‘கனவு அணி’ எழுதிக் கொண்டிருந்தார்கள். இதுவரை உலகத்தில் ஆடிய அத்தனை கால்பந்து வீரர்களிலிருந்தும் 11 பேரைப் பொறுக்க வேண்டும். எந்த அணி ஜெயிக்கும் என்று வாதாட வேண்டும். இதுதான் விளையாட்டு.

“சார், நீங்களே சொல்லுங்க. எங்க டீம்தானே ஜெயிக்கும்?” என்று தாளை நீட்டினான் ஒருவன்.

பார்த்தேன். பீலே, மரடோனா, மெஸ்ஸி, ரொனால்டோ, நெய்மர், எம்பாப்பே என்று போனது பட்டியல். இன்னொரு கோஷ்டியின் தாளும் அப்படித்தான். பதினோரு பேரும் கோல் போடுகிறவர்கள்!

“ஏம்ப்பா, கோல்கீப்பர் யாரு?” என்றேன்.

“அது யாராவது நிப்பாங்க சார்!”

கொஞ்சம் தள்ளிச் சுவர்மேல் உட்கார்ந்திருந்த ஆறாம் வகுப்புப் பையன் முணுமுணுத்தான். “யாராவதுன்னா அது நான்தான் சார். தினமும் என்னையே நிக்க வைக்கிறாங்க. நாளையிலிருந்து நான் வரமாட்டேன்.”

எனக்குச் சுருக்கென்றது. அந்த இரண்டு தாளையும் மடித்துப் பையில் போட்டுக்கொண்டு, அவர்களுக்குச் சில கதைகள் சொன்னேன். உங்களுக்கும் சொல்கிறேன், கேளுங்கள்.

9-ம் எண் எங்கே போனார்?

1953 நவம்பர் 25. லண்டன் வெம்பிளி மைதானத்தில் இங்கிலாந்தும் ஹங்கேரியும் மோதின. அந்தக் காலத்தில் 9-ம் எண் சட்டை போட்டவர் நடு முன்கள ஆட்டக்காரர். அவர் எதிரணியின் கோலுக்கு அருகிலேயே நிற்பார். எதிரணியின் நடுத் தடுப்பாட்டக்காரர் அவரை ஒட்டிக்கொண்டு நிற்பார். இதுதான் வழக்கம்.

அன்று ஹங்கேரியின் 9-ம் எண் ஹிடெக்குட்டி. அவர் முன்னால் நிற்கவில்லை. பின்னால் நடுக்களத்துக்குப் போய்விட்டார். அவரைப் பார்த்துக்கொள்ள வேண்டிய இங்கிலாந்து வீரர் ஜானிஸ்டனுக்குக் குழப்பம். ஹிடெக்குட்டியின் பின்னாலேயே போனால் தம் கோலுக்கு முன்னால் பெரிய ஓட்டை விழும். போகாமல் நின்றால் ஹிடெக்குட்டி தன் இஷ்டத்துக்கு ஆடுவார். இருதலைக்கொள்ளி எறும்பின் நிலைதான்!

முடிவு என்ன தெரியுமா? ஹங்கேரி 6, இங்கிலாந்து 3. ஹிடெக்குட்டி மட்டும் மூன்று கோல்.

இங்கிலாந்து அணியில் நல்ல ஆட்டக்காரர்களுக்குப் பஞ்சமே இல்லை. ஆனாலும் தோற்றது. ஏன்? ‘யார் பெரிய ஆள்’ என்பது ஒரு கேள்வி. ‘யார், எங்கே, யாருக்கு எதிரே நிற்கிறார்’ என்பது இன்னொரு கேள்வி. ஆட்டத்தை முடிவு செய்வது பெரும்பாலும் இரண்டாவது கேள்விதான்.

பீலேவுக்கு எதிரே நம்மவர்

“பீலேவை யாராலும் தடுக்க முடியாது சார்” என்றான் ஒருவன்.

முடியும். நம் நாட்டிலேயே அது நடந்திருக்கிறது. 1977 செப்டம்பர் 24 அன்று கொல்கத்தா ஈடன் கார்டன் மைதானத்தில் பீலே ஆடினார். அவர் ஆடியது அமெரிக்காவின் நியூயார்க் காஸ்மாஸ் அணிக்கு. எதிரணி மோகன் பகான். மழையில் நனைந்து தரை சேறாகிக் கிடந்தது.

மோகன் பகானின் பயிற்சியாளர் பி.கே. பானர்ஜி. பீலேவைக் கண்காணிக்கும் வேலையைக் கௌதம் சர்க்கார் என்ற நடுக்கள வீரரிடம் கொடுத்தார். பீலே எங்கே போனாலும் சர்க்காரும் அங்கே! ஆட்டம் 2-2 என்று சமனில் முடிந்தது. பீலேவால் ஒரு கோல்கூடப் போட முடியவில்லை.

நியாயமாகப் பேச வேண்டும் அல்லவா? அப்போது பீலேவுக்கு 36 வயது. அடுத்த வாரமே ஓய்வு பெற்றுவிட்டார். 1970 உலகக் கோப்பையில் ஆடிய பீலேவாக இருந்திருந்தால் கதை வேறாக இருந்திருக்கலாம். அதனால் கனவு அணி எழுதும்போது ‘பீலே’ என்று எழுதினால் மட்டும் போதாது. எந்த வயதுப் பீலே என்றும் சொல்ல வேண்டும்.

ஜகார்த்தாவில் ஒரு வாத்தியார்

“இந்தியாவுல கனவு அணிக்கு யாரு சார் இருக்காங்க?” என்று ஒரு பெண் குழந்தை கேட்டாள்.

நம் ஊர் மேட்டை 2022-ல் தொல்லியல் துறையினர் தோண்டிப் பார்க்கும்வரை, அதற்குள் ஆதிமனிதர்களின் கற்கருவிகள் இருப்பது நமக்குத் தெரியுமா? தோண்டிய பிறகுதானே தெரிந்தது. இந்தியக் கால்பந்தும் அப்படித்தான். கொஞ்சம் தோண்டிப் பார்க்க வேண்டும்.

1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் இந்தியா ஆஸ்திரேலியாவை 4-2 என்று வென்று அரையிறுதிக்குப் போனது. நெவில் டிசோசா அதில் மூன்று கோல் போட்டார். ஒலிம்பிக் கால்பந்தில் அரையிறுதிக்குப் போன முதல் ஆசிய அணி நம்முடையதுதான். நான்காவது இடம் கிடைத்தது.

அந்த அணியின் பயிற்சியாளர் சையத் அப்துல் ரஹீம். ஹைதராபாத்காரர். அவர் பள்ளிக்கூட ஆசிரியராக வேலை பார்த்தவர். (எனக்கு அதில் கொஞ்சம் பெருமை உண்டு!) 2024-ல் வந்த ‘மைதான்’ என்ற இந்திப் படம் இவருடைய கதைதான்.

1962-ல் ஜகார்த்தாவில் ஆசிய விளையாட்டுப் போட்டி. முதல் ஆட்டத்தில் தென்கொரியாவிடம் இந்தியா 0-2 என்று தோற்றது. தாய்லாந்துடன் ஆடியபோது ஜர்னைல் சிங்கின் தலையில் அடிபட்டது. தையல் போட வேண்டியதாயிற்று. அவர்தான் இந்தியாவின் மிகச் சிறந்த தடுப்பாட்டக்காரர். தலையில் தையலோடு பின்களத்தில் நின்று, பாய்ந்து வரும் பந்துகளை முட்டித் தள்ள முடியுமா?

நீங்கள் பயிற்சியாளராக இருந்தால் என்ன செய்வீர்கள்? வெளியே உட்கார வைத்திருப்பீர்கள். ரஹீம் அப்படிச் செய்யவில்லை. ஜர்னைல் சிங் இளவயதில் முன்களத்தில் ஆடியவர் என்பது அவருக்குத் தெரியும். அரையிறுதியில் அவரை நடு முன்கள ஆட்டக்காரராக இறக்கினார்! ஜர்னைல் ஒரு கோல் போட்டார். தென்வியட்நாமை 3-2 என்று வென்றோம்.

செப்டம்பர் 4-ம் தேதி இறுதி ஆட்டம். எதிரே மறுபடியும் தென்கொரியா. மைதானம் நிறைய ஜனம். பெரும்பாலோர் இந்தியாவுக்கு எதிராகக் கூச்சல் போட்டார்கள். முதலில் பி.கே. பானர்ஜி ஒரு கோல் போட்டார். சற்று நேரத்தில் ஜர்னைல் சிங் இரண்டாவது கோல் போட்டார். கொரியர்கள் கடைசியில் ஒரு கோல் திருப்பினார்கள். இந்தியா 2-1 என்று ஜெயித்துத் தங்கம் வாங்கியது.

முதலில் தோற்ற அதே அணியை எப்படி வென்றோம்? ஒரு ஆளை இடம் மாற்றி நிறுத்தியதும் அதற்கு ஒரு காரணம். ரஹீம் அப்போது புற்றுநோயால் அவதிப்பட்டுக் கொண்டிருந்தார். அடுத்த வருடம், 1963 ஜூனில், காலமானார்.

‘யாராவது’ அல்ல, தங்கராஜ்!

இப்போது சுவர்மேல் உட்கார்ந்திருந்த பையனுக்கான கதை.

அந்த இறுதி ஆட்டத்தில் இந்தியாவின் கோல் வாசலில் நின்றவர் பீட்டர் தங்கராஜ். தமிழர். 1935-ல் ஹைதராபாத்தில் பிறந்தவர். ஆறடிக்கு மேல் உயரம். நீலகிரி வெலிங்டனில் இருக்கும் மெட்ராஸ் ரெஜிமென்ட் படைப்பிரிவில் சேர்ந்து அந்த அணிக்காக ஆடினார்.

அவர் முதலில் என்னவாக ஆடினார் தெரியுமா? நடு முன்கள ஆட்டக்காரராக! உங்களைப் போலக் கோல் போடத்தான் ஆசைப்பட்டார். பிறகு கோல்கீப்பராக மாறினார். 1958-ல் ஆசியாவின் சிறந்த கோல்கீப்பர் என்று பெயர் வாங்கினார். 1956, 1960 இரண்டு ஒலிம்பிக் அணிகளிலும் இடம் பெற்றார். 1967-ல் அர்ஜுனா விருது கிடைத்தது.

ஜகார்த்தாவில் அவருக்குக் காய்ச்சல். அரையிறுதியில் பர்மன் என்ற இன்னொரு கோல்கீப்பர் நின்றார். இறுதி ஆட்டத்துக்குத் தங்கராஜ் திரும்பி வந்தார். தங்கப் பதக்க ஆட்டத்தில் கோல் வாசலை ‘யாராவது நிப்பாங்க’ என்று ரஹீம் விட்டுவிட்டாரா? இல்லையே! ஒரே கோல் வித்தியாசத்தில் முடிந்த ஆட்டம் அது. கோல்கீப்பர் பிடித்த ஒவ்வொரு பந்துக்கும் ஒரு பதக்கத்தின் எடை இருந்தது.

அந்தப் பையன் சுவரிலிருந்து இறங்கி வந்து முன்வரிசையில் உட்கார்ந்தான்.

தங்கராஜ் எதிரே சேத்ரி

அப்புறம் வாதம் சூடு பிடித்தது. நான் ஒரு புது ஆட்டம் சொன்னேன். ஒரு பக்கம் ரஹீம் காலத்து இந்திய அணி. கோலில் தங்கராஜ், பின்களத்தில் ஜர்னைல் சிங், அருண் கோஷ், முன்னால் பி.கே. பானர்ஜி, கேப்டன் சுனி கோஸ்வாமி, துளசிதாஸ் பலராம். பலராமும் தமிழ்ப் பெற்றோருக்குச் செகந்திராபாத்தில் பிறந்தவர்தான்.

இன்னொரு பக்கம் பின்னால் வந்தவர்கள். திருச்சூரில் சிறுவயதில் மைதானத்தில் சோடா விற்ற ஐ.எம். விஜயன், சிக்கிமின் பாய்ச்சுங் பூட்டியா, இந்தியாவுக்காக 90-க்கும் மேல் கோல் போட்ட சுனில் சேத்ரி.

“சேத்ரி குள்ளம், ஜர்னைல் பலசாலி. அதனால ஜர்னைல்தான் ஜெயிப்பாரு” என்றான் ஒருவன்.

“சேத்ரி மோத மாட்டாரு. சந்துல புகுந்து ஓடிடுவாரு” என்றான் இன்னொருவன்.

“நடுக்களத்துல யாருமே இல்லையே? கடலூர் இந்துமதி கதிரேசனைப் போடுங்க. அவங்க இந்தியாவுக்கு நடுக்களத்துலதான் ஆடினாங்க. போலீஸ்ல எஸ்.ஐ.யா சேர்ந்தவங்க வேற” என்றாள் அந்தப் பெண். யாரும் மறுக்கவில்லை.

அப்போது அந்த ஆறாம் வகுப்புப் பையன் கேட்டானே ஒரு கேள்வி! “சார், எந்தக் காலத்து ரூல்? இப்பல்லாம் நம்ம ஆளே காலால தள்ளிவிட்ட பந்தைக் கோல்கீப்பர் கையில எடுக்கக் கூடாது. தங்கராஜுக்கு அது தெரியாதே?”

அசந்து போனேன். அந்த விதி வந்தது 1992-ல். அதற்கு முன்னால் ஆடிய கோல்கீப்பர் தம் ஆள் தள்ளிய பந்தைத் தாராளமாகக் கையில் எடுக்கலாம். அந்தக் காலத்துப் பந்தும் வேறு. தோல் பந்து மழையில் நனைந்தால் கனத்துவிடும். உலகக் கோப்பையில் மாற்று ஆட்டக்காரர் இறங்குவதே 1970-ல்தான் வந்தது. இத்தனையையும் யோசித்தால்தான் கனவு ஆட்டம் நியாயமாக இருக்கும். கோல் வாசலில் நின்று தினமும் ஆட்டம் முழுவதையும் பார்க்கிறவனுக்குத்தான் அந்தக் கேள்வி தோன்றியது, பார்த்தீர்களா!

பத்து நிமிடம் வாதாடியும் முடிவு வரவில்லை. இருட்டியது. “நாளைக்கு யாரு கோல்கீப்பர்?” என்று கேட்டேன். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கடைசியில், ஆளுக்கு ஒருநாள் மாறி மாறி நிற்பது என்று தீர்மானம் ஆனது. மறுநாள் அந்தப் பையன் வந்தான். முன்களத்தில் ஓடினான். கோல் எதுவும் போடவில்லை. ஆனால் சிரித்துக்கொண்டே ஓடினான்.

நீங்களும் கனவு அணி எழுதிப் பாருங்கள்

* கோல்கீப்பர் பெயரை முதலில் எழுதுங்கள். பிறகு பின்களம், நடுக்களம். கோல் போடுகிறவர்கள் கடைசியில்.

* ஒவ்வொருவர் பெயருக்கு எதிரேயும், எதிரணியில் அவர் யாரைச் சமாளிக்க வேண்டும் என்று எழுதுங்கள்.

* எந்த வயது வீரர், எந்தக் காலத்து விதி என்று முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள்.

* ஒருவருக்குத் தலையில் அடிபட்டால் யாரை எங்கே மாற்றுவீர்கள்? ரஹீம் வாத்தியார் மாதிரி யோசியுங்கள்.

* எழுதி முடித்ததும், உங்கள் தெரு அணியையும் இதேபோல் எழுதிப் பாருங்கள். அதில் ‘யாராவது’ என்று ஒரு இடம் இருந்தால், அங்கே தினமும் நிற்பது யார் என்று யோசியுங்கள்.