வீடே பள்ளியாகும்போது... - அமெரிக்கப் பெற்றோர் மாநாட்டில் இரண்டு நாள்

பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே வைத்துப் படிப்பிப்பது என்றால் நம்மில் பலருக்கு வியப்பாக இருக்கும். எனக்குக் கோபமே வந்தது. அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தில் இருக்கும் என் மகள், மூன்றாம் வகுப்புக்குப் போக வேண்டிய என் பேரனை 2022-ஆம் ஆண்டு பள்ளியிலிருந்து நிறுத்தித் தானே கற்பிக்கப் போவதாகத் தொலைபேசியில் சொன்னபோது, "பைத்தியக்காரத்தனம்" என்று கத்திவிட்டேன். பையனுக்கு எழுத்துக் கூட்டிப் படிப்பதில் தடுமாற்றம். வகுப்பில் கூனிக் குறுகி உட்கார்ந்திருக்கிறான், ஓராண்டு வீட்டில் வைத்துப் பார்க்கிறேன் என்பது அவள் வாதம். இரண்டு மாதம் நாங்கள் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை.

அடுத்த மே மாதம் நானும் மனைவியும் அங்கே போயிருந்தபோது, வீட்டில் கற்பிக்கும் கிறிஸ்தவப் பெற்றோருக்கான மாநாடு ஒன்றுக்கு எங்களை அழைத்துச் சென்றாள். அரை மனதோடுதான் போனேன். அங்கே கண்டதை நம் சங்க வாசகர்களுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

இந்த வழக்கம் வந்த விதம்

'ஹோம் ஸ்கூலிங்' எனப்படும் இந்த வீட்டுப் பள்ளி முறை கிறிஸ்தவர்களுக்கு மட்டும் உரியதன்று. ஜான் ஹோல்ட் என்ற கல்வியாளர் 1977-இல் இதற்கென்றே ஒரு பத்திரிகை தொடங்கினார். அவருடைய வாதத்துக்கும் மதத்துக்கும் தொடர்பில்லை. ரேமண்ட் மூர், டாரதி மூர் தம்பதியர் சிறு வயதிலேயே பள்ளியில் தள்ளுவது நல்லதல்ல என்று எழுதியது கிறிஸ்தவக் குடும்பங்களிடையே பெரிதும் பரவியது. பெற்றோர் மீது வழக்குகள் வந்தன. அவர்களுக்குச் சட்ட உதவி செய்ய 1983-இல் ஒரு சங்கமும் தோன்றியது. 1993-க்குள் ஐம்பது மாநிலங்களிலும் இம்முறை சட்டப்படி செல்லுபடியாயிற்று. அமெரிக்க அரசின் கல்விப் புள்ளிவிவர மையத்தின் கணக்குப்படி, 1999-இல் சுமார் 8 லட்சத்து 50 ஆயிரம் பிள்ளைகள் இவ்வாறு படித்தார்கள். 2016-இல் அது சுமார் 17 லட்சம்.

இந்தப் பெற்றோரின் சங்கங்கள் பல மாநிலங்களில் ஆண்டுக்கு ஒருமுறை, பெரும்பாலும் வசந்த காலத்திலும் கோடைத் தொடக்கத்திலும், மாநாடு கூட்டுகின்றன. காலையில் ஜெபம், சிறப்புரை. பிறகு சிறு சிறு அறைகளில் வகுப்புகள். நடுவே பெரிய கூடத்தில் புத்தகக் கண்காட்சி. பிள்ளைகளையும் உடன் அழைத்து வருகிறார்கள்.

கையில் எடுத்துப் பார்ப்பது

முதல் பயன் புத்தகம் பற்றியது. என் மகள் தொடக்கத்தில் அவசரப்பட்டு, ஓராண்டுக்கு உரிய பாடநூல்கள் முழுவதையும் ஒரே தொகுப்பாகத் தபாலில் வரவழைத்துவிட்டாள். பாதிக்கு மேல் பையனுக்குப் பொருந்தவில்லை. புத்தம் புதிதாக அலமாரியில் தூங்கின.

மாநாட்டில் எந்தப் புத்தகத்தையும் புரட்டிப் பார்க்கலாம். விற்பவரிடம், "எழுத்துக் கூட்டத் திணறும் பையனுக்கு இது ஆகுமா?" என்று கேட்கலாம். வண்ணக் கட்டைகளை அடுக்கிக் கூட்டலும் பெருக்கலும் கற்பிக்கும் 'மேத் யூ சீ' என்ற கணிதமுறையைப் பேரன் அங்கேயே உட்கார்ந்து அரை மணி நேரம் செய்து பார்த்தான். பிறகுதான் வாங்கினோம். வேறு சில புத்தகங்கள் பழைய புத்தக மேசையில் மலிவாகக் கிடைத்தன. தண்டவாளத்தை டிராலியில் போய் நேரில் பார்க்காமல் அறிக்கையில் கையெழுத்துப் போடாதவன் நான். இந்த ஏற்பாடு எனக்குப் பிடித்திருந்தது.

மூன்று பெட்டிக் காகிதம்

இரண்டாவது பயன் சட்டம் பற்றிய தெளிவு. மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறுகிறது. டெக்சாஸில் அரசுக்குத் தகவல் கூடத் தர வேண்டியதில்லை. பென்சில்வேனியாவிலோ 1988-ஆம் ஆண்டுச் சட்டம் கண்டிப்பானது. ஆண்டுதோறும் உறுதிமொழிப் பத்திரம் தர வேண்டும். தொடக்க வகுப்புகளில் 180 நாள் அல்லது 900 மணி நேரம் கற்பிக்க வேண்டும். 3, 5, 8 ஆகிய வகுப்புகளில் தேர்வு உண்டு, அதைப் பெற்றோரே நடத்தக் கூடாது. பிள்ளையின் வேலைகளைக் கோப்பாகத் தொகுத்துத் தகுதியுள்ள மதிப்பீட்டாளரிடம் காட்ட வேண்டும். அவர் தரும் சான்று ஜூன் 30-க்குள் கல்வி அதிகாரியிடம் சேர வேண்டும்.

இந்தக் கோப்பை நினைத்து என் மகள் இரவில் தூங்காமல் இருந்திருக்கிறாள். பையன் எழுதிய ஒரு தாளைக்கூட எறியாமல் மூன்று பெட்டி நிறைய அடைத்து வைத்திருந்தாள். மாநாட்டில் ஒரு வகுப்பில், அனுபவமுள்ள தாய்மார்கள் தங்கள் கோப்புகளை மேசையில் பரப்பி வைத்திருந்தார்கள். ஒவ்வொன்றும் விரல் பருமன்தான். ஆண்டின் தொடக்கத்தில், நடுவில், முடிவில் என ஒவ்வொரு பாடத்துக்கும் சில மாதிரிகள் போதும், வளர்ச்சி தெரிய வேண்டும், அவ்வளவே என்று விளக்கினார்கள். மதிப்பீடு செய்யும் ஓர் ஆசிரியை அங்கேயே நாள் குறித்துக் கொடுத்தார்.

வெளியே வந்ததும் மகள் சொன்னாள்: "அப்பா, இந்த ஒரு வருஷத்தில் இன்னிக்குத்தான் எனக்குப் பயம் போச்சு." அவள் பயந்துகொண்டிருந்தாள் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். ஒரு வருடமாக நான் கேட்டது, "எப்போது திரும்பப் பள்ளியில் சேர்க்கப் போகிறாய்?" என்ற ஒரே கேள்விதான்.

மூன்றாவது பயன், என் பார்வையில் முதன்மையானதும் இதுதான். வீட்டில் தனியே கற்பிக்கும் தாய்க்கு உடன் ஆசிரியர் அறை இல்லை, கலந்து பேச ஆள் இல்லை. தன்னைப் போலவே தடுமாறி, அதைத் தாண்டி வந்தவர்களை அங்கே கண்ணால் காண்கிறாள். அவளுடைய பையனைப் போலவே பத்து வயதுவரை திணறிய மகனை இப்போது கல்லூரிக்கு அனுப்பியிருக்கும் ஓர் அம்மாள், மதிய உணவின்போது ஒரு மணி நேரம் அவளோடு பேசிக்கொண்டிருந்தார். எந்தச் சிறப்புரையும் தராத தெம்பை அது தந்தது.

கவனிக்க வேண்டியவை

குறைகளையும் சொல்லத்தான் வேண்டும். கண்காட்சி என்பது வியாபாரமும் ஆகும். பட்டியல் எழுதிக்கொண்டு போகாவிட்டால் பணப்பை காலி. சில பேச்சாளர்கள் பள்ளிகளைப் பற்றி வேண்டாத அச்சத்தை ஊட்டினார்கள். அங்கே விற்ற அறிவியல் நூல்கள் பலவற்றில் பூமியின் வயது சில ஆயிரம் ஆண்டுகளே என்று எழுதியிருக்கிறது. நானும் ஞாயிறுதோறும் ஆலயத்துக்குப் போகிறவன்தான். ஆனால் மலையைக் குடைந்து பாதை போட்ட இடங்களில் பாறை அடுக்குகளைப் பார்த்தவன். அந்தப் புத்தகம் வேண்டாம் என்றேன். மகளும் ஒப்புக்கொண்டு அறிவியலுக்கு வேறு நூல் வாங்கினாள். 2020-இல் ஹார்வர்டு சட்டப் பேராசிரியை எலிசபெத் பார்த்தோலே, வெளியார் கண்ணில் படாத பிள்ளைகளின் பாதுகாப்பு என்னாவது என்று கேட்டு எழுதியது பெரும் விவாதமாயிற்று. அது தள்ளிவிடக் கூடிய கேள்வியல்ல.

நமக்கு என்ன?

நம் நாட்டில் 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் பள்ளியையே அடிப்படையாகக் கொண்டது. எனவே பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து நிறுத்துங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் தமிழைப் பொறுத்தவரை, வெளிமாநிலத்தில் வாழும் நாம் பெரும்பாலும் வீட்டுப் பள்ளி நடத்துகிறவர்கள்தாமே? பள்ளியில் இந்தியும் ஆங்கிலமும். தமிழ் எழுத்து, சமையலறை மேசையில் அம்மா சொல்லிக் கொடுத்தால்தான் உண்டு. ஒவ்வொரு வீடும் தனித்தனியே திணறுகிறது. "என் பிள்ளைக்கு மட்டும் ஏன் வரவில்லை?" என்று ஒவ்வொரு தாயும் தனக்குள்ளேயே நொந்துகொள்கிறாள்.

நம் சங்க ஆண்டு விழாவில் பாட்டுக்கும் நாடகத்துக்கும் நடுவே அரை நாள் ஒதுக்கலாம். எந்தப் புத்தகம் பயன்பட்டது, எது பயன்படவில்லை, லகர ளகர ழகரத்தைப் பிள்ளைக்கு எப்படிப் பிடிபட வைத்தோம் என்று பெற்றோர் நோட்டுப் புத்தகங்களோடு வந்து பேசலாம். செலவு நான்கு மேசையும் தேநீரும்தான். நிர்வாகக் குழு சம்மதித்தால் மேசை போடும் வேலையை நான் ஏற்கிறேன்.

பேரன் இப்போது தடுமாற்றம் குறைந்து படிக்கிறான். தொலைபேசியில் நான் முதலில் கேட்பது அவன் படிப்பையல்ல. "நீ எப்படிம்மா இருக்கே?" என்று மகளைக் கேட்கிறேன்.