ஆங்கிலம்: அடுத்த படி – 14
தெரிந்த சொல்தான், காதில் விழவில்லை

நம்மூரில் பலர் ஆங்கில நாளிதழின் தலையங்கத்தை அகராதியைத் தொடாமல் படித்துவிடுவார்கள். அலுவலக மின்னஞ்சலில் ஒரு பிழை இருக்காது. ஆனால் லண்டன்காரர் இருவர் தங்களுக்குள் பேசிக்கொள்ளும்போது பக்கத்தில் நின்றால் பாதிதான் பிடிபடும். கேட்டால், "ரொம்ப வேகமாகப் பேசுகிறார்கள் சார்" என்பார்கள். வேகத்துக்கும் பங்கு உண்டு. ஆனால் முதல் குற்றவாளி அது இல்லை.

யூடியூபில் வேகத்தை முக்கால் அளவாகக் குறைத்துக் கேட்டுப் பாருங்கள். புரியாத இடம் பெரும்பாலும் புரியாமலேதான் இருக்கும். கொஞ்சம் இழுத்து இழுத்துப் புரியாமல் இருக்கும், அவ்வளவுதான். நீங்கள் எதிர்பார்க்கும் ஒலி அங்கே இல்லவே இல்லை. 'வாட் ஆர் யூ கோயிங் டு டூ' என்று ஆறு சொற்களைத் தேடுகிறது காது. அமெரிக்கர் வாயிலிருந்து வருவது ஏறக்குறைய 'வாடய கனடூ'.

நாம் மட்டும் என்ன ஒழுங்கு? 'போய்விட்டு வந்துவிடுகிறேன்' என்று புத்தகத்தில் தமிழ் படித்துவிட்டு மதுரையில் வந்திறங்கும் வெளிநாட்டுக்காரரிடம் 'போய்ட்டு வந்துர்றேன்' என்று சொல்லிப் பாருங்கள். திருதிருவென்று விழிப்பார். இலக்கணமும் சொற்களும் அவருக்குத் தெரியும். நாம் வாயில் போட்டு மெல்லும் தமிழ்தான் தெரியாது. ஆங்கிலத்தில் நம் நிலைமையும் அவருடையதுதான்.

பள்ளிக்கூடத்தில் நமக்கு வாசித்துக் காட்டப்பட்ட ஆங்கிலம், ஒவ்வோர் அசைக்கும் அதன் பங்கைக் கொடுத்துவிடும் ஆங்கிலம். தமிழின் நடை அப்படி, அதனால் நம் வாயிலும் அப்படியே வந்தது. ஆங்கிலமோ ஓரவஞ்சனை செய்யும் மொழி. ஓர் அசையை அழுத்திவிட்டு மற்றதை விழுங்கிவிடும். நம் 'கம்ஃபோர்ட்டபிள்' அவர்களிடம் 'கம்ஃப்டபிள்'. 'ஃபோட்டோகிராஃப்' எடுக்கிறவர் 'ஃபடாக்ரஃபர்' ஆகிவிடுகிறார். அழுத்தம் இரண்டாம் அசைக்குத் தாவியதில் முதல் அசை தேய்ந்தே போகிறது. ஆஃப், டு, அண்ட், ஹேவ் போன்ற சின்னச் சொற்களின் கதி இன்னும் மோசம். 'ஷுட் ஹேவ்' என்பது 'ஷுடவ்' ஆகி, அவசரத்தில் 'ஷுடா' என்று நின்றுவிடும்.

அமெரிக்க வாடிக்கையாளர்களோடு தினமும் பேசுகிறவர்கள் இந்த ஓர் இடத்தில் ஏமாறக் கூடாது. 'கேன்ட்' என்று அவர்கள் சொல்லும்போது கடைசி 'ட்' பெரும்பாலும் வெளியே வராது. 'கேன்' என்பதோ வாக்கியத்தின் நடுவில் 'கன்' என்று சுருங்கிவிடும். ஆகவே நடு வாக்கியத்தில் 'கேன்' என்று முழுசாகக் காதில் விழுந்தால், அது அனேகமாக 'முடியாது'. வெள்ளிக்கிழமைக்குள் வேலை முடியுமா என்று பேசும் நேரத்தில் அந்த 'ட்' வரட்டும் என்று காத்திருந்தால் காரியம் கெட்டுவிடும். சந்தேகம் வந்தால் திருப்பிக் கேட்டுவிடுங்கள், கௌரவம் பார்க்காதீர்கள்.

ஆங்கிலமே தாய்மொழியாகக் கொண்டவர்களுக்கும் ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்பதில்லை. பொலாக், பிக்கெட் என்ற இரு ஆய்வாளர்கள் 1960களில் இயல்பான உரையாடலைப் பதிவு செய்து, அதிலிருந்து சொற்களைத் தனித்தனியாக வெட்டியெடுத்துப் போட்டுக் காட்டினார்கள். அமெரிக்கர்களாலேயே ஏறக்குறைய பாதியைத்தான் சொல்ல முடிந்தது. மீதியை அக்கம்பக்கத்துச் சொற்களை வைத்து நிரப்பிக்கொள்கிறார்கள்.

எப்படி நிரப்புகிறார்கள் என்பதை ஆன் கட்லரும் சாலி பட்டர்ஃபீல்டும் 1992-இல் காட்டினார்கள். 'கண்டக்ட் அசென்ட்ஸ் அப்ஹில்' என்ற அர்த்தமில்லாத தொடரைக் காதுக்கு எட்டியும் எட்டாத ஒலியில் ஆங்கிலேயர்களுக்குப் போட்டார்கள். ஒருவருக்கு அது 'த டாக்டர் சென்ட்ஸ் ஹர் பில்' என்று கேட்டது! டக்ட், சென்ட்ஸ், ஹில் என்று அழுத்தம் விழுந்த மூன்று இடங்களையும் காது பிடித்துக்கொண்டு, ஒவ்வொன்றிலும் ஒரு புதுச் சொல் தொடங்குவதாக எடுத்துக்கொண்டது. ஆங்கிலத்தில் பொருள் தரும் சொற்களில் மிகப் பெரும்பாலானவை அழுத்தமான அசையில்தான் தொடங்குகின்றன என்பதால் இந்தக் குறுக்குவழி நன்றாகவே வேலை செய்கிறது. நாமும் இதைத்தான் பழக வேண்டும்: எல்லா அசைகளையும் துரத்தாமல், அழுத்தம் விழும் இடங்களைப் பிடிப்பது.

"நிறையக் கேளுங்கள், தானாக வந்துவிடும்" என்ற அறிவுரை இந்த நிலையில் சோம்பேறித்தனமானது என்பேன். பின்னணியில் பத்து மணி நேரம் ஓடவிடுவதைவிட, ஒரே நிமிடப் பேச்சை எடுத்துக்கொண்டு, நிறுத்தி நிறுத்தி, கேட்டதைக் கேட்டபடி எழுதுங்கள். பிறகு எழுத்து வடிவத்தோடு ஒப்பிட்டு, தவறிய இடங்களைச் சிவப்பு மையால் வட்டமிடுங்கள். வட்டத்துக்குள் புதுச் சொற்கள் குறைவாகவே இருக்கும். நன்றாகத் தெரிந்த சொற்கள்தான் மாட்டியிருக்கும். எழுத்து வடிவத்தைப் பார்த்துக்கொண்டே அந்த இடத்தை இன்னும் நாலு முறை கேளுங்கள், பேசியவர் போலவே விழுங்கிச் சொல்லியும் பாருங்கள். வீட்டில் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

எதைக் கேட்பது? செய்தி வாசிப்பு வேண்டாம். அது எழுதி வைத்துப் படிப்பது. முன்தயாரிப்பில்லாத பேச்சு வேண்டும். 1995-இல் சிகாகோவில் தொடங்கிய 'திஸ் அமெரிக்கன் லைஃப்' வானொலி நிகழ்ச்சியில் சாதாரண மக்கள் பேசுவது நிறைய வரும், எழுத்து வடிவமும் அதன் இணையதளத்தில் இலவசம். பிரிட்டனுக்குப் போகும் செவிலியர்கள் பிபிசியின் நேர்காணல்களை எடுத்துக்கொள்ளலாம். அவர்களில் பலர் எழுதும் ஓஇடி ஆங்கிலத் தேர்வின் கேட்டல் பகுதியில் 42 கேள்விகள், ஒலிப்பதிவு ஒரே ஒரு முறைதான்.

கடைசியாக சப்டைட்டில். 2009-இல் மிட்டரர், மெக்வீன் இருவரும் நெதர்லாந்து மாணவர்களுக்கு ஸ்காட்லாந்துப் பேச்சு நிறைந்த 'டிரெய்ன்ஸ்பாட்டிங்' படத்தையும் ஓர் ஆஸ்திரேலியத் தொடரையும் காட்டினார்கள். பிறகு அதே பாத்திரங்கள் பேசும் புதிய வசனங்களைக் கேட்டுத் திருப்பிச் சொல்லச் சொன்னார்கள். ஆங்கில சப்டைட்டிலோடு பார்த்தவர்கள் முந்தினார்கள். தாய்மொழி சப்டைட்டிலோடு பார்த்தவர்கள், சப்டைட்டிலே இல்லாமல் பார்த்தவர்களைவிடவும் பின்தங்கினார்கள். கதைக்காகப் பார்க்கும் படத்துக்குத் தமிழ் சப்டைட்டில் தாராளமாக இருக்கட்டும். காதுக்காகப் பார்க்கும் படத்துக்கு ஆங்கிலத்திலேயே வையுங்கள்.

இந்த வாரம் ஒரு நிமிடப் பேச்சை எழுதிப் பார்த்து, நீங்கள் சிவப்பு மையில் வட்டமிட்ட சொற்களை எனக்கு அனுப்புங்கள். அடுத்த வாரம் அவற்றிலிருந்தே தொடங்குகிறேன்.