மேற்கோள்குறியும் ‘என்று’ என்னும் சொல்லும்

புதுச்சேரியில் பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேயிடம் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராகவும் வணிக இடையாளராகவும், விளங்கிய ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை தமிழில் எழுதிய நாட்குறிப்பு உரையாடல்களால் நிறைந்தது. எனினும் அக்காலத் தமிழ்க் கையெழுத்து வழக்கில் மேற்கோள்குறி இல்லாமையால், பிறர் கூற்றைப் பிரித்துக் காட்டும் பொறுப்பை அதில் ‘என்று’ என்னும் சொல்லே ஏற்றுக்கொள்கிறது.

அதே ஊரை ஆண்ட பிரெஞ்சுக்காரர்களின் மொழியிலோ அதற்கெனத் தனிக்குறி உண்டு. ‘கீமே’ எனப்படும் அக்குறி « » என இரட்டைக் கோணங்களாக அமைவது; கூற்றுக்கும் குறிக்கும் இடையே சிறு இடைவெளி விடுவதும் பிரெஞ்சு மரபு. கியோம் என்னும் ஆட்பெயரிலிருந்து பிறந்த இப்பெயரை, 16ஆம் நூற்றாண்டில் எழுத்துரு வெட்டிய கியோம் லெ பே என்பவரோடு தொடர்புபடுத்துவது வழக்கம். மேற்கோள்குறியின் மூலம் இன்னும் பழையது: அலெக்சாந்திரியாவின் கிரேக்க அறிஞர்கள் கவனிக்கத்தக்க வரிகளுக்கு அருகே ஓரத்தில் இட்ட கோணக்குறியைப் பின்னர்க் கிறித்தவ எழுத்தர்கள் விவிலிய மேற்கோள்களைக் காட்டப் பயன்படுத்தினர், அச்சுக்கலை பரவிய பின்னரே அது ஓரத்தை விட்டு வரிக்குள் புகுந்தது.

தமிழுக்கு இக்குறி தாமதமாகவே தேவைப்பட்டது என்பதில் வியப்பில்லை. ‘என’, ‘என்று’ ஆகியவற்றைத் தொல்காப்பியத்தின் இடையியலே இடைச்சொற்களாக, அதாவது தனித்து நில்லாமல் பிற சொற்களைச் சார்ந்து பொருள் தரும் சொற்களாக, விளக்குகிறது. ஆயினும் ‘என்று’ கூற்றின் முடிவை மட்டுமே காட்டும், தொடக்கத்தைக் காட்டாது. “ஆளுநர் காலையில் கப்பல் புறப்பட்டது என்று சொன்னார்” என்னும் தொடரில், காலையில் நிகழ்ந்தது கப்பலின் புறப்பாடா, ஆளுநரின் பேச்சா என்பது தெளிவாகவில்லை. ‘காலையில்’ என்பதற்கு முன்னோ பின்னோ ஒரு குறியை இட்டால் ஐயம் அகன்றுவிடும்.

19ஆம் நூற்றாண்டில் அச்சுநூல்கள் பெருகியதோடு நிறுத்தக்குறிகள் தமிழில் வேரூன்றின. பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரியிலும் இன்று தமிழ் அச்சில் காணப்படுவது கோணக்குறியன்று, ஆங்கில வழியில் வந்த காற்புள்ளி வடிவமே. நூற்பெயருக்கும் கலைச்சொல்லுக்கும் ஒற்றைக் குறி, பேச்சுக்கு இரட்டைக் குறி என்னும் பகுப்பு பரவலாக உள்ளது. அழுத்தம் தருவதற்காக இக்குறியை இடும் இன்றைய பழக்கம் மட்டும் தவறானது. ‘தூய’ நெய் என்று குறியிட்டு எழுதினால் அதன் தூய்மையின் மீது ஐயமே எழும்.