பைபாஸில் ஒரு நிமிடத்தின் விலை

புது வண்டி எடுத்தவரைக் குன்னத்தூரில் யார் பார்த்தாலும் முதலில் கேட்பது, "என்ன மைலேஜ் தருதுங்க?" என்பதுதான். பதினெட்டு, இருபது, இருபத்திரண்டு என்று ஏதோ ஒரு எண் பதிலாக வரும். எந்த வேகத்தில் அந்த மைலேஜ் என்று மட்டும் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. அதைக் கேட்காதவரை அந்த எண்ணுக்குப் பாதி அர்த்தம்தான். நம்பியூர், ஊத்துக்குளி பக்கத்துச் சாலைகளில் ஐம்பது, அறுபதில் ஓடுகிற கார், தெற்கே இறங்கிச் செங்கப்பள்ளியில் பைபாஸ் ஏறி நூறைத் தாண்டியதும் எரிபொருள் கணக்கில் வேறொரு வண்டியாக மாறிவிடுகிறது. ஓட்டுபவர் அதே ஆள், எஞ்சினும் அதுவேதான். மாறியது எதிரே நிற்கும் காற்று.

செங்கப்பள்ளியைத் தொட்டுப் போவது சேலம்–கொச்சி தேசிய நெடுஞ்சாலை. இன்று அதன் எண் 544. பழகியவர்கள் இன்னும் 47 என்றே சொல்கிறார்கள். செங்கப்பள்ளியிலிருந்து கேரள எல்லையான வாளையாறு வரை சுமார் 80 கிலோமீட்டர். பனியன் தொழிலில் இருப்பவர்களுக்கு இந்தச் சாலையில் எப்போதும் அவசரம்தான். கோவை விமான நிலையத்தில் பையர் வந்து இறங்கியிருப்பார், சாம்பிள் பார்சல் இன்று மாலைக்குள் கூரியரில் ஏறியாக வேண்டும், சாயப்பட்டறையில் துணியின் ஷேடு மாறிவிட்டது என்று போன் வந்திருக்கும். அகலமான சாலையும் அவசரமும் சேர்ந்தால் வலது கால் தானாகக் கீழே போகிறது.

சமதளத்தில் ஒரே வேகத்தில் ஓடும் காரைப் பின்னுக்கு இழுப்பவை முக்கியமாக இரண்டு. ஒன்று டயரின் உருளல் தடை. டயர் ஒவ்வொரு சுற்றிலும் தரையில் நசுங்கி நிமிர்கிறது. அதில் கொஞ்சம் ஆற்றல் வெப்பமாகப் போய்விடுகிறது. ஆட்களோடு 1,200 கிலோ எடையுள்ள ஒரு சிறிய ஹேட்ச்பேக் காருக்கு இந்தத் தடை சுமார் 14 கிலோ எடையைத் தூக்கிப் பிடிக்கும் விசைக்குச் சமம். நாற்பதில் போனாலும் நூறில் போனாலும் இது பெரிதாக மாறுவதில்லை.

இரண்டாவது காற்று. நூறு கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது ஒவ்வொரு நொடியும் ஏறக்குறைய 70 கிலோ காற்று காரின் பாதையில் குறுக்கே நிற்கிறது. அதை மேலும் கீழும் பக்கவாட்டிலும் விலக்கிவிட்டுத்தான் கார் நுழைய முடியும். வேகத்தை இரட்டிப்பாக்கினால், ஒரு நொடியில் எதிர்ப்படும் காற்று இருமடங்காகிறது. அந்தக் காற்றை முன்பைப் போல இருமடங்கு வேகத்தில் விலக்கவும் வேண்டியிருக்கிறது. இரண்டும் பெருகி, தடுக்கும் விசை நான்கு மடங்காகிவிடுகிறது. நம் சிறிய காரை வைத்தே கணக்குப் போட்டால், அறுபதில் காற்றின் தடை சுமார் 11 கிலோ. டயரின் தடையைவிடக் குறைவு. எண்பதில் 20 கிலோ. நூறில் 32. நூற்றிருபதில் 46. அறுபத்தைந்து, எழுபது வரை காரை அதிகம் இழுத்துப் பிடிப்பது டயர்; அதற்கு மேல் காற்றின் கைதான் ஓங்கியிருக்கிறது.

கிலோமீட்டருக்கு எவ்வளவு பெட்ரோல் என்பது இந்த மொத்த விசையைப் பொறுத்தது. இரண்டு தடைகளையும் கூட்டினால் எண்பதில் 34, நூறில் 46, நூற்றிருபதில் 60 கிலோ. எண்பதிலிருந்து நூறுக்குப் போவது வேகத்தில் கால் பங்குதான் கூடுதல். இழுவையிலோ அது மூன்றில் ஒரு பங்கு கூடுதல்.

அப்படியானால் இருபதில் ஊர்ந்தால் மைலேஜ் அள்ளுமா? அள்ளாது. எஞ்சின் சுழல்வதற்கே ஒரு செலவு இருக்கிறது. பிஸ்டன் உராய்வு, எண்ணெய் பம்ப், தண்ணீர் பம்ப், ஆல்டர்னேட்டர் எல்லாவற்றுக்கும் கார் நின்றாலும் ஓடினாலும் பெட்ரோல் போய்க்கொண்டே இருக்கும். ஆக்சிலரேட்டரை லேசாக மிதிக்கும்போது பெட்ரோல் எஞ்சின் பாதி மூடிய வால்வு வழியாக மூச்சு இழுக்க வேண்டியிருப்பதால் அதிலும் ஒரு நட்டம். மெதுவாகப் போனால் இந்த நிலையான செலவு குறைந்த தூரத்தின் தலையில் விழுகிறது. வேகமாகப் போனால் காற்று தின்கிறது. இரண்டுக்கும் நடுவே, டாப் கியரில் எஞ்சின் திணறாமல் இழுக்கும் மிகக் குறைந்த வேகத்தை ஒட்டி, மைலேஜின் உச்சம் இருக்கிறது. 1978-இல் அமைக்கப்பட்ட பெட்ரோலியம் பாதுகாப்பு ஆராய்ச்சிக் கழகம் நெடுங்காலமாகப் பரிந்துரைக்கும் 45 முதல் 55 கிலோமீட்டர் வேகம் இந்தக் கணக்கிலிருந்து வந்ததுதான்.

நெடுஞ்சாலையில் ஐம்பதில் போகச் சொன்னால் யாரும் கேட்க மாட்டார்கள், கேட்கவும் தேவையில்லை. எண்பதுக்கு மேல் ஒவ்வொரு இருபதும் என்ன கேட்கிறது என்று தெரிந்துகொண்டாலே போதும். அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் 74 வண்டிகளை அளந்து 2013-இல் ஒரு முடிவை வெளியிட்டது. மணிக்கு 80 கிலோமீட்டரிலிருந்து 97-க்குப் போகும்போது மைலேஜ் சராசரியாக 12 விழுக்காடு குறைகிறது. 97-லிருந்து 113-க்குப் போனால் மேலும் 14 விழுக்காடு. 113-லிருந்து 129-க்கு இன்னும் 15. ஒவ்வொரு படியும் முந்தைய படியைவிட அதிகமாகக் கேட்கிறது. அவை பெரும்பாலும் பெரிய எஞ்சின் வண்டிகள். சும்மா சுழல்வதற்கே நிறைய எரிக்கும் எஞ்சினில் காற்றின் பங்கு சற்று மறைந்துபோகும். நம் ஊரின் சிறிய எஞ்சின் கார்களில் அந்தப் பங்கு இன்னும் பளிச்சென்று தெரியும்.

விளம்பரத்தில் வரும் மைலேஜ் எண்ணையும் இங்கே பார்த்துவிட வேண்டும். நம் நாட்டில் அது ஆய்வுக்கூடத்தில், உருளைகள் மேல் காரை ஓட்டி, இந்திய ஓட்டச் சுழற்சி என்ற ஒரு கால அட்டவணைப்படி அளக்கப்பட்டு வருகிறது. இருபது நிமிடத்துக்குள் முடிந்துவிடும் ஓட்டம் அது. பெரும்பகுதி நகர வேகம். ஐரோப்பாவின் பழைய அட்டவணையைத் தழுவி இதை வகுத்தபோது, அதிலிருந்த 120 கிலோமீட்டர் உச்ச வேகத்தை இங்கே 90 ஆகக் குறைத்துவிட்டார்கள். அதாவது காற்று மிக அதிகமாகத் தின்னும், தொண்ணூறுக்கு மேற்பட்ட வேகங்கள் அந்தச் சோதனையில் இல்லவே இல்லை. அவிநாசியைத் தாண்டி நூற்றுப்பத்தில் போய்விட்டு, "கம்பெனி சொன்ன மைலேஜ் வரலையே" என்று சர்வீஸ் சென்டரில் சண்டை போடுவதில் பயனில்லை. அந்த எண் அந்த வேகத்துக்கு உரியதே இல்லை. வண்டி வாங்குபவருக்கு இதைக் கொட்டை எழுத்தில் சொல்லியிருக்க வேண்டும் என்றுதான் நான் நினைக்கிறேன். எண்பதில் இவ்வளவு, நூறில் இவ்வளவு என்று இரண்டு எண்களைச் சேர்த்து அச்சிடுவது பெரிய செலவில்லை.

இனிப் பணம். 1.2 லிட்டர் எஞ்சின் கொண்ட சிறிய பெட்ரோல் கார் எண்பதில் லிட்டருக்கு 21 கிலோமீட்டரும், நூறில் 17-ம், நூற்றிருபதில் 14-ம் தருவதாகக் கொள்வோம். மேலே சொன்ன விசைகளோடு எஞ்சினின் நிலையான செலவையும் சேர்த்துப் போட்ட கணக்கு இது. வண்டிக்கு வண்டி ஒன்றிரண்டு மாறும். இந்தச் சாலையில் 55 கிலோமீட்டரை எண்பதில் கடக்க 41 நிமிடம். நூறில் 33. நூற்றிருபதில் 27-க்கும் 28-க்கும் நடுவே. பெட்ரோல் லிட்டர் நூறு ரூபாய் என்று வைத்தால், எண்பதை விட்டு நூறில் போய் மிச்சம் பிடிக்கும் எட்டு நிமிடத்துக்கு விலை சுமார் 62 ரூபாய். அதற்கும் மேலே நூற்றிருபதில் போய்ப் பிடிக்கும் அடுத்த ஐந்தரை நிமிடத்துக்கு 69 ரூபாய். முதலில் வாங்கிய நிமிடம் ஏழெட்டு ரூபாய், பிறகு வாங்கியது பன்னிரண்டு, பதின்மூன்று ரூபாய். அதிகம் எடுத்தால் விலை குறைவது துணிக்கும் நூலுக்கும் உண்டு. நிமிடத்துக்கு அது கிடையாது. பீஸ் ரேட்டில் இருபத்தைந்து பைசாவுக்காக அரை மணி நேரம் பேசுகிற ஊர் நம் ஊர். அந்தக் கண் ஸ்பீடாமீட்டர் மேலும் விழ வேண்டும்.

இதுவரை சொன்னது காற்று அசையாமல் நிற்கும் நாளின் கணக்கு. நம் பகுதியில் அப்படிப்பட்ட நாட்கள் எத்தனை? மேற்குத் தொடர்ச்சி மலையில் பாலக்காட்டருகே உள்ள இடைவெளி வழியாகத் தென்மேற்குப் பருவக்காற்று புகுந்து கோவை, பல்லடம், தாராபுரம், உடுமலை வரை வீசுகிறது. அந்தப் பக்கமெல்லாம் காற்றாலைகள் நிற்பதற்குக் காரணம் இதுதான். வைகாசி கடைசியில் தொடங்கி ஆவணி வரை, செங்கப்பள்ளியிலிருந்து கோவை நோக்கிப் போகும் கார் இந்தக் காற்றுக்கு நேர் எதிரே ஓடுகிறது. எதிர்க்காற்று மணிக்கு 20 கிலோமீட்டர் என்றால், ஸ்பீடாமீட்டரில் எண்பது காட்டினாலும் காருக்கு அது நூறு. காற்றின் தடை 20 கிலோவிலிருந்து 32-க்குப் போய்விடும். போதாக்குறைக்குக் கோவை நம்மைவிட உயரத்தில் இருப்பதால் லேசான ஏற்றமும் உண்டு. ஆடி மாதத்தில் வண்டி இழுக்கவில்லை என்று மெக்கானிக்கிடம் போகிறவர்கள் முதலில் சாலையோரத் தென்னைகள் எந்தப் பக்கம் சாய்கின்றன என்று பார்க்கலாம்.

திரும்பி வரும்போது அதே காற்று முதுகில் தள்ளுமே, சரியாகிவிடாதா என்று கேட்கலாம். பெரும்பகுதி சரியாகும், முழுதாக ஆகாது. வரும்போது தடை 11 கிலோவாகக் குறைகிறது. போகவர இரண்டையும் கூட்டினால் 43. காற்றில்லாத நாளில் அது 40. தடை வேகத்தின் வர்க்கமாக ஏறுவதால் வந்த வித்தியாசம் இது.

கூரைமேல் கேரியர் வைத்து அட்டைப்பெட்டிகளைக் கட்டுவது இந்தப் பக்கத்தில் சாதாரணம். காரின் முன்புறத்தை வழித்துவிட்டதுபோல வளைத்து, பின்பக்கம் காற்று சுழியாமல் பிரியும்படி பொறியாளர்கள் செய்துவைத்த வேலையெல்லாம், மேலே ஒரு சதுரப் பெட்டி ஏறியதும் வீணாகிறது. அமெரிக்க எரிசக்தித் துறையின் அளவீடுகளில், பெரிய கூரைப்பெட்டி நெடுஞ்சாலை வேகத்தில் மைலேஜைப் பத்திலிருந்து இருபத்தைந்து விழுக்காடு வரை குறைத்திருக்கிறது. அதே பெட்டி பின்சீட்டில் இருந்தால் எடை மட்டும்தான் கணக்கு. சமதளச் சாலையில் எடையின் பங்கு சிறியது. ஊருக்குள் ஓடும்போது நிலைமை நேர்மாறு: அங்கே எடை கடிக்கும், கூரைப்பெட்டி அவ்வளவாகக் கடிக்காது.

ஏ.சி.யா, ஜன்னலா என்ற பழைய வாக்குவாதத்துக்கும் விடை வேகத்தில்தான் இருக்கிறது. ஏ.சி. கம்ப்ரஸர் மணிக் கணக்கில் தின்னும், திறந்த ஜன்னல் காற்றின் கணக்கில் தின்னும். ஊருக்குள் ஜன்னலைத் திறந்து ஓட்டுவது சிக்கனம். பைபாஸில் கண்ணாடியை ஏற்றிக்கொள்வதால் பெரிய நட்டமில்லை.

லாரிக்கு ஒட்டினாற்போலப் பின்னால் போனால் காற்று குறையும், மைலேஜ் ஏறும் என்று சிலர் செய்கிறார்கள். காற்று குறைவது உண்மைதான். ஆனால் அந்த இலாபம் கிடைக்க வேண்டுமானால் பிரேக் பிடிக்க இடமில்லாத அளவுக்கு நெருங்க வேண்டும். நிற்பதற்குத் தேவையான தூரமும் வேகத்தின் வர்க்கமாகத்தான் ஏறுகிறது: எண்பதில் பிரேக் போட்டு 40 மீட்டரில் நிற்கும் கார், நூறில் 60 மீட்டரைத் தாண்டித்தான் நிற்கும். தயவுசெய்து யாரும் அதைச் செய்ய வேண்டாம்.

பிரேக்கிலும் பெட்ரோல் போகிறது. நூறில் வந்து கணியூர் சுங்கச்சாவடியில் அழுத்தி நிறுத்தினால், மீண்டும் நூறுக்கு ஏற்ற ஏறக்குறைய 50 மில்லி பெட்ரோல் வேண்டும். எண்பதுக்கு 30 போதும். தூரத்திலேயே காலை எடுத்துவிட்டு, கியரிலேயே உருளவிட்டு வந்தால், இன்றைய எஞ்சின்களில் அந்த நேரம் முழுவதும் பெட்ரோல் தெளிப்பே நின்றுவிடும். நியூட்ரலில் தள்ளினால் அந்த இலாபமும் போகும், கட்டுப்பாடும் குறையும்.

மின்சாரக் கார்களில் வேகத்தின் விலை இன்னும் வெளிப்படையாகத் தெரிகிறது. மோட்டாரில் வீணாவது மிகக் குறைவு என்பதால், காற்று தின்பது நேராகப் பேட்டரி விழுக்காட்டில் கண்ணுக்குத் தெரியும். நகரத்தில் சொன்ன தூரம் ஓடிய வண்டி, நெடுஞ்சாலையில் நூறைப் பிடித்ததும் அவ்வளவு ஓடாததற்கு பேட்டரி மேல் பழி சொல்வதில் நியாயமில்லை.

நாடுகள் இந்தக் கணக்கை நெருக்கடியில்தான் கையில் எடுத்தன. 1973 அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தியதும், ஜெர்மனி சில மாதங்களுக்கு ஆட்டோபானில் நூறு கிலோமீட்டர் வரம்பு வைத்தது. அமெரிக்கா 1974 ஜனவரியில் நாடு முழுவதும் மணிக்கு 55 மைல், அதாவது 88 கிலோமீட்டர் என்று சட்டம் போட்டது; அது முழுதாக நீங்கியது 1995-இல். 2011-இல் லிபியப் போரால் விலை ஏறியபோது ஸ்பெயின் 120-ஐ 110 ஆக்கிச் சில மாதம் வைத்திருந்தது. 2022 மார்ச்சில் சர்வதேச எரிசக்தி முகமை வெளியிட்ட பத்து அம்ச ஆலோசனையில் முதலாவது, நெடுஞ்சாலை வேகத்தைக் குறைந்தது பத்து கிலோமீட்டர் குறைப்பது.

சொந்த வண்டியின் எண்ணை அறிய டேஷ்போர்டை மட்டும் நம்ப வேண்டியதில்லை. காலையில் டயர் சூடாகும் முன் காற்றழுத்தம் சரிபார்த்து, ஒரே பங்கில், ஒரே பம்பில், முனை தானாக நிற்கும் வரை நிரப்பிக்கொள்ள வேண்டும். வாளையாறு வரை எண்பதில் போய், அதே வேகத்தில் திரும்பி வந்து, அதே பம்பில் மறுபடி நிரப்பினால் போன லிட்டர் தெரியும். போகவர இரண்டும் சேர்ந்தால்தான் காற்றும் ஏற்றமும் பெருமளவு கழியும். இன்னொரு நாள் அதையே சாலையோரப் பலகை அனுமதிக்கும் உச்ச வேகத்தில் செய்து பார்க்கலாம். காற்று அடங்கிய மார்கழியில் செய்தால் எண்கள் தெளிவாக வரும்.