மஃப்ளர் கட்ட வேண்டிய கழுத்து!

மார்கழி மாசம் சபா பக்கம் போயிருக்கிறீர்களா? பாடகர் காரிலிருந்து இறங்குவார். பாதி முகத்தை மஃப்ளர் மறைத்திருக்கும். கையில் ஃபிளாஸ்க். யாராவது ரசிகர் ஆசையாக ஐஸ்க்ரீமை நீட்டினால், பாம்பைப் பார்த்த மாதிரி நாலு அடி பின்னால் போவார். தயிர் கூடாது, ஐஸ் வாட்டர் கூடாது, ராத்திரிப் பனி ஆகவே ஆகாது. பாவம், அவர்களைக் கிண்டல் செய்து பிரயோஜனமில்லை. நமக்கு ஜலதோஷம் வந்தால் ஆபீசுக்கு லீவு. அவர்களுக்கு வந்தால் அட்வான்ஸையே திருப்பிக் கொடுக்க வேண்டும்.

அப்படிப் பொத்திப் பொத்தி வளர்த்த ஒரு தொண்டையை, புழுதியும் வெடிமருந்துப் புகையும் நிறைந்த பதுங்கு குழிக்குத் தூக்கிக்கொண்டு போனார் ஒருவர். அதுவும் பாரீஸிலிருந்து! யாரும் கூப்பிடவில்லை, ஆர்டர் எதுவும் வரவில்லை. தானாகவே போனார். பெயர், வாசில் ஸ்லிபாக்.

உக்ரைன் நாட்டின் மேற்குப் பக்கம் லிவிவ் என்று ஒரு பழைய நகரம். 1974 டிசம்பர் 20-ல் அங்கே பிறந்தவர். தம்பிக்குப் பாட்டில் இருக்கிற கிறுக்கைப் பார்த்துவிட்டு அண்ணன் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டுபோய், ‘துதாரிக்’ என்கிற சிறுவர்கள் பாடற்குழுவில் சேர்த்துவிட்டார். அப்போது வயது ஒன்பது. பிறகு அதே ஊர் இசைக் கல்லூரி.

வாலிபத்தில் அவருக்கு இருந்தது ஒரு வினோதமான குரல். ஆம்பிளைதான், ஆனால் பெண் குரல் உயரத்துக்குப் பாடுவார். நம்ம பாய்ஸ் கம்பெனி நாடகங்களில் மீசை முளைக்காத பையன்கள் ஸ்த்ரீபார்ட் பாடினார்களே, கிட்டத்தட்ட அந்த ஸ்தாயி. மீசை முளைத்த பிறகும் அந்த உயரம் கைவசம் இருந்ததுதான் ஆச்சரியம். 1994-ல் பிரான்ஸில் கிளெர்மோன்-ஃபெரான் என்ற ஊரில் நடந்த பாட்டுப் போட்டியில் பரிசு. 1997-ல் லிவிவில் படிப்பு முடிந்தது. ஜாகை பாரீஸுக்கு மாறியது. பாரீஸ் ஆப்பரா மேடை!

ஆப்பரா என்றதும் ‘நமக்கு எதுக்குங்க அது’ என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். நம் தாத்தாக்கள் விடிய விடிய உட்கார்ந்து பார்த்த ஸ்பெஷல் நாடகம் மாதிரிதான். வசனத்தைப் பாட்டாகவே பாடுவார்கள். மைக் கிடையாது. கிட்டப்பா காலத்துச் சமாச்சாரம்: கடைசி வரிசை ஆசாமிக்கும் கேட்க வேண்டும், முன் வரிசைக்காரருக்குக் காதும் கிழியக்கூடாது. நடுவில் பெரிய வாத்திய கோஷ்டி வேறு. அதைத் தாண்டிக் குரல் போக வேண்டுமென்றால் நெஞ்சு, வயிறு, முதுகு எல்லாம் சேர்ந்து உழைக்கணும். பல வருஷப் பயிற்சி.

நம் நாடகத்தில் ராஜபார்ட், கள்ளபார்ட் என்று இருப்பதுபோல அங்கேயும் குரலை வைத்து வேஷம். மெல்லிய ஆண் குரலா, காதலன். கனத்த குரலா, ராஜா, கிழவர் அல்லது சாத்தான்! ஸ்லிபாக்கின் குரல் வயசாக ஆகக் கீழே இறங்கி, கனத்த குரலாகப் பழுத்தது. ‘கார்மென்’ ஆப்பராவில் காளையோடு சண்டை போடுகிற வீரனாகப் பாடி (ஸ்பெயின் நாட்டு ஜல்லிக்கட்டு என்று வைத்துக்கொள்ளுங்களேன்), 2011-ல் ஹங்கேரியில் நடந்த ஆர்மெல் போட்டியில் சிறந்த ஆண் பாடகர் பரிசை வாங்கினார். அவருக்கு ரொம்பப் பிடித்தது ‘ஃபாஸ்ட்’ ஆப்பராவில் வருகிற மெஃபிஸ்டாஃபிலிஸ் என்ற சாத்தானின் பாட்டு. இந்தப் பெயரை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே வரும்.

2013 கடைசியில் உக்ரைனில் தெருப் போராட்டம் வெடித்தது. 2014-ல் ஜனாதிபதி நாட்டைவிட்டே ஓடினார், கிரைமியாவை ரஷ்யா எடுத்துக்கொண்டது, கிழக்கே தொன்பாஸில் யுத்தம் மூண்டது. ஸ்லிபாக் பாரீஸில் முதலில் செய்தது, நம்மவர்கள் வெளிநாட்டில் செய்வதைத்தான். கச்சேரி வைத்துப் பணம் திரட்டுவது, சாமான்கள் வாங்கி அனுப்புவது, ஊர்வலம். யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஒரு நல்ல பாடகர் அதற்கு மேல் என்ன செய்ய வேண்டும்?

2015-ல் அவரே கிளம்பிவிட்டார். பிஸ்கி என்ற கிராமத்துப் பக்கம், ரைட் செக்டார் என்ற கடுமையான தேசியவாத அமைப்பின் தன்னார்வப் படையில். அந்த அமைப்பின் அரசியல்மேல் உக்ரைனுக்குள்ளேயே பலருக்கு விமர்சனம் உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். திரும்பவும் பாரீஸ், திரும்பவும் போர்முனை. ஒரு முறை காயமும் பட்டது. வயர்லெஸ்ஸில் சொந்தப் பெயரைச் சொல்லக்கூடாது என்பதால் ஆளுக்கொரு பட்டப் பெயர் இருக்குமல்லவா? இவருடையது அந்தச் சாத்தான் பெயரிலிருந்து வந்தது. சுருங்கி ‘மிஃப்’ ஆயிற்று. உக்ரைன் பாஷையில் மிஃப் என்றால் புராணக் கதை என்று அர்த்தம்.

இந்தக் கதையை எங்கள் தெரு மிலிட்டரி மாமாவிடம் சொன்னேன். நாகர்கோவில் பக்கம் தெருவுக்கு ஒரு மிலிட்டரி மாமா கட்டாயம் இருப்பார். ராத்திரி ஏழு மணிக்கு மேல் அவருடைய திண்ணைக்கு ரசிகர் கூட்டம் சேருவது எழுபத்தொண்ணு யுத்தக் கதை கேட்கவா, கேன்டீன் ரம்முக்கா என்பது விவாதத்துக்குரிய விஷயம். மாமா முழுசாகக் கேட்டுவிட்டு, “பாட்டுக்காரனுக்கு அங்க என்னவே சோலி?” என்றார்.

“தானாப் போனாரு மாமா.”

“சம்பளம், பென்ஷன்?”

“அது கவர்மென்ட் பட்டாளம் இல்லை மாமா. தன்னார்வப் படை.”

“கையில என்ன குடுத்தான்?”

“மெஷின் கன்.”

மாமா கொஞ்ச நேரம் பேசவில்லை. “மக்கா, எதிராளி முதல்ல தேடுறது அவனைத்தான். மத்தவன் சுட்டா எங்கேருந்து சுடுதான்னு கண்டுபிடிக்க நேரமாவும். மெஷின் கன்காரன் இருக்க இடத்தை அந்தச் சத்தமே காட்டிக் குடுத்துரும்லா.”

2016 ஜூன் மாசம் ஸ்லிபாக் மறுபடி போனார். இந்த முறை தெபால்ட்சேவே பக்கம், லுஹான்ஸ்கே கிராமத்துக்கு அருகில். ஜூன் 29, காலை சுமார் ஆறு மணி. சண்டை நடந்துகொண்டிருந்தது. மறைந்திருந்து சுடும் ஸ்னைப்பர் ஒருவனின் குண்டு. வயது 41. கனத்த குரல்காரர்களுக்கு அது ஒரு வயசே இல்லை, ஸார். அந்தக் குரல் நாற்பதுக்கு மேல்தான் முழுசாகப் பழுக்கும் என்பார்கள்.

ஜூலை 1-ம் தேதி சொந்த ஊரான லிவிவில், லிச்சாகிவ் மயானத்தில் அடக்கம். 2017-ல் ‘உக்ரைனின் வீரர்’ என்கிற, நாட்டின் மிகப் பெரிய பட்டத்தைக் கொடுத்தார்கள்.

எங்கள் நாஞ்சில் நாட்டில் இதற்கு நேர் எதிரான வழக்கம் உண்டு. வீரன் செத்துப் போவான், பாட்டுக்காரன் உயிரோடிருந்து பாடுவான். வில்லுப்பாட்டு பிறந்த மண் அல்லவா! பதினேழாம் நூற்றாண்டில் திருமலை நாயக்கர் படையை எதிர்த்துக் கணியாகுளத்தில் விழுந்த இரவிக்குட்டிப் பிள்ளையை இன்றைக்கும் நினைவில் வைத்திருப்பது கல்வெட்டோ சர்க்கார் ரிக்கார்டோ இல்லை, கதைப்பாட்டு. அம்மாவும் மனைவியும் கெட்ட கனவைச் சொல்லிப் ‘போக வேண்டாம்’ என்று தடுக்கிற இடம் அதில் வரும். வீசுகோலை நிதானமாகத் தட்டி, குடத்தை அடக்கி, அண்ணாவி அந்த இடத்தைப் பாடும்போது, கொடைக்கு வந்த பெண்கள் மூக்கைச் சிந்துவார்கள். அடுத்த வருஷமும் அதே இடத்தில் அதே கண்ணீர். பாடுகிறவனே போய்விட்டால் எங்கள் ஊர்க் கணக்குப்படி வரவு செலவு இடிக்கிறது. அவர் ஒரு மெஷின் கன்னைத் தூக்கியதால் உக்ரைனுக்குக் கூடிய பலம் எவ்வளவு? பாரீஸ் மேடையில் இன்னும் இருபது வருஷம் நின்று பாடியிருந்தால்? எனக்கென்னவோ இரண்டாவதுதான் பெரிசு. ஆனால் பாரீஸில் உட்கார்ந்து அந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க அவருக்கும் நேரம் இருந்தது. போட்டுப் பார்த்துத்தான் போயிருக்கிறார்.

பட்டாளத்தையும் பாட்டையும் சேர்த்துச் சுமந்தவர்கள் வேறு பேரும் உண்டு. அமெரிக்காவின் கிளென் மில்லர் பாடகர் இல்லை, வாத்திய கோஷ்டித் தலைவர். சம்பாத்தியம் கொட்டிக்கொண்டிருந்த நேரத்தில், 1942-ல் ராணுவத்தில் சேர்ந்தார். வேலை, சிப்பாய்களுக்கு பாண்டு வாசிப்பது. 1944 டிசம்பர் 15-ல் இங்கிலாந்திலிருந்து பாரீஸுக்கு விமானம் ஏறினார். விமானத்தையும் காணோம், ஆளையும் காணோம். நம் பக்கம் கேப்டன் ராம்சிங் தாக்கூரி. கூர்க்கா சிப்பாய், மலேயாவில் ஜப்பான்காரனிடம் கைதாகி, நேதாஜி படையில் சேர்ந்து, ‘கதம் கதம் படாயே ஜா’ பாட்டுக்கு மெட்டுப் போட்டவர். அவருக்கு ஆயுசு கெட்டி. 2002 வரை இருந்தார்.

ஸ்லிபாக்கின் வாழ்க்கையை வைத்து 2018-ல் ‘மிஃப்’ என்றே ஒரு டாக்குமென்டரி எடுத்தார்கள். மத்தியான சாப்பாட்டு வேளையில், மேனேஜர் கண்ணில் படாமல் இயர்போனை மாட்டிக்கொண்டு, அவர் பாடியவற்றை இன்டர்நெட்டில் தேடிக் கேட்டுப் பாருங்கள். பிரெஞ்சு புரிய வேண்டியதில்லை. சாத்தான் சிரிக்கிற இடம் எந்த பாஷையிலும் தெரியும்.

அந்த யுத்தம் அவரோடு முடியவில்லை. 2022 பிப்ரவரியில் ரஷ்யப் படை முழுசாக உள்ளே நுழைந்தபோது கீவ் தேசிய ஆப்பராவில் பல வருஷம் முக்கிய நாட்டியக்காரராக ஆடிய ஒலெக்சாந்தர் ஷாப்போவால் தானாகவே படையில் சேர்ந்தார். அதே தோனெத்ஸ்க் பக்கம், மயோர்ஸ்க் என்ற இடத்தில், அந்த வருஷம் செப்டம்பரில் குண்டு விழுந்து இறந்தார்.