தொட்டியின் அடியில் தேங்கும் தண்ணீர்

உங்களில் பலர் வீட்டு மாடியிலோ, பால்கனியிலோ, சன்னல் விளிம்பிலோ ஒரு தக்காளிச் செடியையோ புதினாவையோ வளர்த்துப் பார்த்திருப்பீர்கள். நன்றாகத் தளிர்விட்டு வந்த செடி, நாள் தவறாமல் தண்ணீர் ஊற்றியும், ஒரு நாள் தலை கவிழ்ந்து நின்றதையும் பார்த்திருப்பீர்கள். அந்தச் செடியைக் கொன்றது எது? இக்கேள்விக்கு விடை தாவரவியல் புத்தகத்தில் பாதிதான் இருக்கிறது. மறுபாதி பௌதிகப் புத்தகத்தில் இருக்கிறது. இதைக் கற்றுக்கொள்ள எனக்கு ஆறு தக்காளிச் செடிகள் செலவாயின. அவையும் என்னுடையவை அல்ல. ஒன்பதாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்த என் மகளுடையவை.

எங்கள் வீட்டு மொட்டை மாடியில் பதினைந்து சென்டிமீட்டர் உயரமுள்ள ஆறு பிளாஸ்டிக் தொட்டிகளை அவள் வரிசையாக வைத்தாள். தண்ணீர் தேங்கக் கூடாதே என்று கவலைப்பட்டு என்னிடம் யோசனை கேட்டாள். நானும் பெரிய அறிவாளி போல, "அடியில் ஐந்து சென்டிமீட்டருக்குச் சரளைக்கல் போடம்மா, தண்ணீர் நன்றாக வடியும்" என்று சொன்னேன். என் தாத்தா சொன்னதைக் கேட்டு வளர்ந்தவன் நான். அவள் அப்படியே செய்தாள். வீட்டுக்கொல்லையின் மெல்லிய மண்ணை மேலே நிரப்பி நாற்றுகளை நட்டாள். மூன்றாம் வாரத்தில் இலைகள் மஞ்சளாயின. நடுப்பகலில் துவண்டன. துவண்டதைக் கண்டு இன்னும் கொஞ்சம் தண்ணீர் ஊற்றினாள். ஒரு மாதத்தில் ஆறும் போயின. "அப்பா, நான் ஒரு நாள்கூட மறக்கவில்லையே" என்று அவள் கேட்டபோது என்னிடம் பதில் இல்லை.

தொட்டிகளைக் கவிழ்த்துப் பார்த்தோம். வேர்கள் பழுப்பு நிறமாகி, கையில் பிடித்தால் வழுக்கின. சாக்கடை வாடை அடித்தது. வியப்பு என்னவென்றால், அடியிலிருந்த சரளைக்கல் வெறும் ஈரமாக மட்டுமே இருந்தது. அதற்கு மேலே இருந்த மண்தான் களி போல் குழைந்து கிடந்தது. கற்களின் இடையில் நிறைய வெற்றிடம் இருக்கிறது, தொட்டியின் அடியில் ஓட்டைகளும் இருக்கின்றன. ஆனாலும் தண்ணீர் கீழே இறங்காமல் மண்ணிலேயே நின்றிருக்கிறது!

இது மந்திரம் அன்று. ஆண்டுதோறும் நான் கல்லூரியில் நடத்தும் பாடம்தான். ஒரு மெல்லிய கண்ணாடிக் குழாயை நீரில் நிறுத்தினால் நீர் குழாய்க்குள் தானாகவே மேலேறுகிறது அல்லவா? இதுவே தந்துகிக் கவர்ச்சி. நீருக்குக் கண்ணாடியோடு உள்ள ஒட்டும் இயல்பும், நீரின் பரப்பு இழுவிசையும் சேர்ந்து நீரை மேலே தூக்குகின்றன. குழாய் எவ்வளவு மெல்லியதோ அவ்வளவு உயரம் நீர் ஏறும். இந்த விதியை ஜேம்ஸ் ஜூரின் என்ற ஆங்கிலேயர் 1718-ல் எடுத்துக் காட்டினார். ஆரம் 1 மில்லிமீட்டர் உள்ள குழாயில் நீர் சுமார் 1.5 சென்டிமீட்டர் ஏறும். ஆரம் அதில் பத்தில் ஒரு பங்கானால் உயரம் பத்து மடங்காகி 15 சென்டிமீட்டர் வரும்.

இப்போது ஒன்றைக் கவனியுங்கள். அந்தக் குழாயைப் பாத்திரத்திலிருந்து வெளியே எடுத்துவிடுங்கள். குழாயின் அடி திறந்தே இருக்கிறது. நீர் முழுதும் கொட்டிவிடுகிறதா? இல்லை. ஒரு தம்பமாக உள்ளேயே நின்றுகொண்டிருக்கிறது. மேலே பிறை போல் வளைந்திருக்கும் நீர்ப்பரப்பு அத்தனை எடையையும் தாங்கிப் பிடித்திருக்கிறது. மண்ணும் இப்படிப்பட்ட எண்ணற்ற தந்துகிக் குழாய்களின் கூட்டம்தான். குழாய்கள் நேராக இல்லாமல் வளைந்து நெளிந்து கிடக்கின்றன, அவ்வளவே. ஆகவே தொட்டியின் அடியில் எத்தனை ஓட்டைகள் போட்டாலும், குறிப்பிட்ட உயரம் வரை நீர் மண்ணை நிறைத்துக்கொண்டு நிற்கத்தான் செய்யும். அந்த உயரத்தை நிர்ணயிப்பது மண்ணின் துளைகளின் அளவு. தொட்டியின் உயரம் அன்று.

இதை உங்கள் கண்ணாலேயே காண எளிய சோதனை ஒன்று உண்டு. பாத்திரம் துலக்கும் செவ்வக வடிவ ஸ்பாஞ்சு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். பெரியதாக இருந்தால் நல்லது. அதை ஒரு வாளித் தண்ணீரில் அமுக்கி நன்றாக ஊற வைத்து, பிழியாமல், படுக்கைவாட்டில் உள்ளங்கையில் ஏந்துங்கள். நீர் சொட்டி, சிறிது நேரத்தில் நின்றுவிடும். இனி ஒரு சொட்டும் வராது என்றானபின், அதைப் பக்கவாட்டில் நிமிர்த்துங்கள். மீண்டும் சொட்டும்! அதுவும் நின்றபின், மிகக் குறுகிய விளிம்பு கீழே வரும்படி செங்குத்தாக நிறுத்துங்கள். இன்னும் நீர் வரும். ஒவ்வொரு தடவையும் வரும் நீரைத் தனித்தனி டம்ளரில் பிடித்து அளந்து வையுங்கள். ஸ்பாஞ்சு அதேதான், துளைகளும் அவையேதான். மாறியது உயரம் ஒன்றே. படுத்திருந்தபோது ஸ்பாஞ்சின் பெரும்பகுதி நீர் நிற்கும் பட்டைக்குள்ளேயே அடங்கிவிட்டது. நிமிர்ந்தபோது அந்தப் பட்டைக்கு மேலே இருந்த பகுதியிலிருந்து நீர் இறங்கி, அதன் இடத்தில் காற்று புகுந்தது.

இனி எங்கள் தொட்டிக்கு வருவோம். நாங்கள் போட்ட மண்ணில் நீர் நிற்கும் உயரம் 5 சென்டிமீட்டர் என்று கணக்குக்காக வைத்துக்கொள்ளுங்கள். 15 சென்டிமீட்டர் உயரத் தொட்டியை மண்ணாலேயே நிரப்பியிருந்தால், அடியில் 5 சென்டிமீட்டர் சேறு. மேலே 10 சென்டிமீட்டர் காற்றோட்டமுள்ள மண். நானோ அடியில் 5 சென்டிமீட்டர் சரளையைப் போடச் சொன்னேன். மண் 10 சென்டிமீட்டர் ஆயிற்று. சரளையின் இடைவெளிகள் அகலமானவை. அவற்றின் தந்துகி இழுப்பு மிகக் குறைவு. மெல்லிய துளையில் பிடிபட்ட நீர் அதை விட்டு அகன்ற துளைக்குள் இறங்க மறுக்கும். எனவே நீர் நிற்கும் 5 சென்டிமீட்டர் பட்டை, தொட்டியின் அடியிலிருந்து கிளம்பிச் சரளையின் தலைமேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. வேருக்குக் காற்றுள்ள இடம் பத்திலிருந்து ஐந்தாகச் சுருங்கியது. வடிகால் என்று நினைத்து நான் சொன்ன யோசனை, சேற்றை வேருக்கு அருகே தூக்கி வைத்துவிட்டது. தொட்டி ஓட்டையின் மேல் ஓட்டுச் சில்லு ஒன்று வைப்பதில் தவறில்லை. அது மண் வெளியேறாமல் தடுக்கும். அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்க்கக் கூடாது.

வேருக்குக் காற்று எதற்கு என்று கேட்பீர்கள். இலை பகலில் ஆக்சிஜனை வெளியிடுகிறது என்று படித்த நாம், வேரும் நம்மைப் போல் சுவாசிக்கிறது என்பதை மறந்துவிடுகிறோம். சுவாசித்துப் பெறும் ஆற்றலைக் கொண்டுதான் வேர் உயிரோடிருந்து உப்புகளையும் நீரையும் உள்ளே கொண்டுவருகிறது. மண் துளைகளில் காற்றிருந்தால் ஆக்சிஜன் சுலபமாகப் பரவிவரும். துளைகள் நீரால் நிறைந்துவிட்டால் அது பரவும் வேகம் ஏறத்தாழ 10,000-ல் ஒரு பங்காகிவிடும். மூச்சுத் திணறும் வேர் நீரை உறிஞ்ச முடியாமல் போகிறது. ஆக, தண்ணீரில் நின்றபடியே செடி தாகத்தால் வாடுகிறது! வாடிய இலையைப் பார்த்துத் தண்ணீர் போதவில்லை என்று மேலும் ஊற்றுகிறோம். என் மகள் செய்ததும் இதுவே. வாடிய செடியைக் கண்டால் குவளையைத் தேடாதீர்கள். முதலில் விரலை இரண்டு கணு ஆழத்துக்கு மண்ணில் விட்டுப் பாருங்கள்.

தோட்டத்து நிலத்தில் இந்தத் தொல்லை ஏன் இல்லை? அங்கே மண் கீழே மீட்டர் கணக்கில் நீள்கிறது. நிமிர்த்திய ஸ்பாஞ்சு மிகமிக உயரமானது என்று எண்ணிக்கொள்ளுங்கள். கீழுள்ள மண் மேலுள்ள நீரைத் தன்பால் இழுத்துக்கொள்கிறது. நிலத்தில் அமோகமாக விளைந்த மண், தொட்டிக்கு வந்ததும் கெட்ட மண்ணாவது இதனால்தான். இந்த இழுப்பை வெப்பம் ஓடுவதற்கும் மின்னோட்டம் ஓடுவதற்கும் ஒப்பிட்டு, மண்ணில் நீரின் நடமாட்டத்தைக் கணக்கில் கொண்டுவந்தவர் எட்கர் பக்கிங்ஹாம். இவர் உழவர் அல்லர்; அமெரிக்க விவசாயத் துறையில் பணியாற்றிய பௌதிக அறிஞர். அவருடைய அறிக்கை 1907-ல் வெளிவந்தது. (பௌதிகம் படித்தவன் மண்ணில் கை வைக்கலாமா என்று கேலி செய்பவர்களிடம் நான் இவர் பெயரைத்தான் சொல்வது வழக்கம்.)

கீழே நீளும் மண்ணின் வேலையைத் தொட்டியில் ஒரு திரியைக் கொண்டு ஓரளவு செய்விக்கலாம். பழைய பருத்தி வேட்டியில் விரல் அகலத்துக்கு ஒரு துண்டு கிழித்து, நனைத்து, ஒரு முனை மண்ணுக்குள்ளும் மறுமுனை ஓட்டை வழியாக வெளியே பத்துப் பதினைந்து சென்டிமீட்டர் தொங்கும்படியும் விட்டு மண்ணை நிரப்புங்கள். தொட்டியை இரண்டு செங்கல் மேல் ஏற்றி, திரி காற்றில் தொங்குமாறு வையுங்கள். நீர் ஊற்றி, சொட்டுவது நின்றபின்னும் திரியின் நுனி மெதுவாகச் சொட்டிக்கொண்டிருக்கும். தம்பத்தின் உயரத்தைத் திரி நீட்டித்துவிட்டது, பாருங்கள்.

மற்றொரு வழி மண்ணின் துளைகளைப் பெரிதாக்குவது. நம் பக்கத்து நாற்றங்கால்களில் செம்மண், மணல், மக்கிய தொழுவுரம் மூன்றையும் சம பங்காகக் கலப்பார்கள். மணல் பருமணலாக இருக்க வேண்டும். சலித்த பூச்சு மணலைப் போட்டால் அது இடைவெளிகளை அடைத்து நிலைமையை இன்னும் மோசமாக்கும். தென்னை நார்க்கழிவைச் சேர்ப்பதும் நல்லது. அதில் உப்பு இருக்கும் என்பதால் இரண்டு மூன்று தடவை நீரில் அலசிய பிறகே சேர்க்க வேண்டும். தொட்டியின் அடியில் தட்டு வைத்து, அதில் வடிந்த நீரை அப்படியே நிற்கவிடுவது கூடாது.

மூன்றாவது வழி உயரமான தொட்டி. கொத்தமல்லி, முளைக்கீரை, வெந்தயக்கீரை ஆகியவற்றுக்குத் துளை பெரிதான கலவையில் 15 சென்டிமீட்டர் ஆழம் போதும். தக்காளி, கத்தரி, மிளகாய்க்கு 30 சென்டிமீட்டர் வேண்டும். ஆனால் இங்கே பௌதிகம் ஒரு கையால் கொடுத்ததை மறு கையால் பிடுங்குகிறது. 30 சென்டிமீட்டர் ஆழத்துக்கு ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஈரமண்ணைப் பரப்பினால் அதன் எடை ஏறத்தாழ அரை டன்! ஆட்கள் நடமாடும் தட்டையான மாடிக்கு இந்தியக் கட்டடத் தர விதிகள் கணக்கிடச் சொல்லும் பயன்பாட்டுச் சுமையோ சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோகிராம்தான். எனவே மாடி நடுவில் பாத்தி கட்டாதீர்கள். தொட்டிகளைத் தள்ளித் தள்ளி, கீழே சுவரோ உத்தரமோ இருக்கும் இடமாகப் பார்த்து வையுங்கள். மண்ணில் ஒரு பகுதிக்குப் பதில் நார்க்கழிவைப் போட்டால் சுமை குறையும். வாடகை வீடாக இருந்தால் வீட்டுக்காரரைக் கேட்டுவிடுங்கள்.

மறு ஆண்டு என் மகள் மீண்டும் தொடங்கினாள். சரளை இல்லை, பழைய பெயின்ட் வாளிகள், பருமணல் கலந்த மண், வேட்டித் திரி. இம்முறை என்னிடம் யோசனை கேட்கவில்லை. ஆய்வுக்கூடத்துக்கு வாங்கி மிஞ்சியிருந்த பழைய சுருள்வில் தராசு ஒன்றை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டாள். தினமும் காலையில் ஒவ்வொரு வாளியையும் அதில் தொங்கவிட்டு எடையைக் குறித்தாள். நீரில் 1 மில்லிலிட்டர் என்பது 1 கிராம் அல்லவா? ஆகவே நேற்றைக்கும் இன்றைக்கும் உள்ள எடை வித்தியாசமே செடியும் மண்ணும் சேர்ந்து இழந்த நீர். செடி நடாமல் மண் மட்டும் நிரப்பிய ஒரு வாளியையும் கூடவே வைத்து எடை பார்த்தாள். அதன் இழப்பைக் கழித்தால் செடி மட்டும் குடித்தது ஏறத்தாழத் தெரிந்துவிடும். இழந்த அளவையே திரும்ப ஊற்றினாள். மேகமூட்டமான நாட்களில் சில வாளிகளுக்கு ஒன்றுமே ஊற்றவில்லை. அந்த நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் நீரின் கணக்கு முடிந்து பழங்களின் கணக்கு தொடங்குகிறது.

உங்களிடம் தராசு இல்லாவிட்டால், நீர் ஊற்றிய உடனே ஒரு முறையும், மறுநாள் ஊற்றுமுன் ஒரு முறையும் தொட்டியைக் கையால் தூக்கிப் பாருங்கள். ஒரு வாரத்தில் கை பழகிவிடும்.